உட்கார்ந்திருப்பதற்குக் கூலியா?

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு ஓவியம் கற்று வருகிறேன். எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு அம்மாவை வரைய ஆசை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வந்து உட்காரச் சொன்னேன். "எவ்வளவு குடுப்பீங்க?" என்று கேட்டுவிட்டார். வெறுமனே உட்கார்ந்திருக்க எதற்குக் கூலி? போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு வீட்டில் நிதானமாக வரைந்தால் என்ன குறைந்துவிடும்?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: அந்த அம்மா கேட்டது முழுக்க நியாயம். வாரம் முழுவதும் சரிவில் நின்று கொழுந்து பறிப்பவருக்குத் துணி துவைக்கவும் சந்தைக்குப் போகவும் காலை நீட்டிப் படுக்கவும் இருப்பது அந்த ஒரு ஞாயிறுதான். அதிலிருந்து ஒரு மணி நேரத்தைக் கேட்கிறீர்கள். வேலை நாளில் கேட்டிருந்தால் இன்னும் மோசம். நீங்கள் வரைந்து முடிப்பதற்குள் அவர் பையில் விழ வேண்டிய கொழுந்தின் எடை குறைந்திருக்கும், அன்றைய வரும்படியும் குறைந்திருக்கும்.

வெறுமனே உட்கார்ந்திருப்பது என்கிறீர்கள். இன்றைக்கே வீட்டில் செய்து பாருங்கள். நாற்காலியில் அமர்ந்து, ஒரு கையை முழங்காலிலும் மற்றதை நாற்காலியின் முதுகிலும் வைத்து, எதிர்ச் சுவரில் ஒரே இடத்தைப் பார்த்தபடி இருபது நிமிடம் அசையாமல் இருங்கள். முதலில் மூக்கு அரிக்கும். பிறகு தோள்பட்டை கனக்கும். அப்புறம் தொடை மரத்துப்போகும். நின்றபடி போஸ் கொடுப்பது இதைவிடக் கஷ்டம், முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு நிற்பவர்கள் மயங்கி விழுவதும் உண்டு. ஓவியப் பள்ளிகளில் இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாடலுக்கு ஓய்வு கொடுப்பது இதனால்தான். ஓய்வு முடிந்து வந்தவர் பழைய இடத்திலேயே நிற்க வசதியாக, பாதத்தைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைப்பார்கள்.

மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். நான்கு பேர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். 1929 முதல் 1957 வரை சென்னை ஓவியக் கல்லூரிக்குத் தலைமை வகித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த சிலை அது, 1959-இல் திறந்தார்கள். அந்த உருவங்களுக்கு மாடலாக நின்றவர்களில் ஒருவர் அதே கல்லூரியின் இரவுக் காவலாளி. அடுத்த முறை சென்னை போனால் பீடத்தைச் சுற்றி வந்து அந்த முதுகுகளையும் கெண்டைக்கால்களையும் பாருங்கள். பாறையின் கனம் முழுவதும் அங்கே இறங்கியிருக்கிறது. ஒரு மனிதர் வலியோடு நின்று கொடுத்ததில்தான் சிற்பிக்கு அது கிடைத்தது. சிற்பியின் பெயர் பாடப்புத்தகம் வரை போயிருக்கிறது. நின்றவரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, போன் விஷயத்துக்கு வருகிறேன். போனில் இருப்பது அகலமாகப் பார்க்கிற லென்ஸ். உட்கார்ந்திருப்பவரைக் கிட்டத்தில் நின்று எடுத்தால் முழங்கால் பெருத்துத் தலை சிறுத்துவிடும். முகத்தை நெருங்கினால் மூக்கு முன்னே வந்து காது பின்னே ஓடிவிடும். படத்தைப் பார்த்து வரைகிறவர் இதையெல்லாம் உண்மை என்று நம்பி அப்படியே வரைந்து வைப்பார். இதைவிட எனக்குக் கோபம் வருவது நிறத்தில். பல போன்கள் கேட்காமலே கறுத்த முகத்தை வெளுத்துக் காட்டுகின்றன. கன்னத்துக்குக் கீழே இருக்கும் நிழல், அந்த முகத்துக்கே உருவம் கொடுக்கிற நிழல், காணாமல் போய்விடுகிறது. நம் மலையில் பனிமூட்டம் இறங்கிய காலையில் ஒருவரை நேரில் உட்கார வைத்துப் பாருங்கள். வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும். நெற்றியில் வானத்தின் நீலச் சாம்பல் படிந்திருக்கும், தாடைக்கு அடியில் அவர் போட்டிருக்கும் சிவப்பு ஸ்வெட்டரின் சாயல் ஏறியிருக்கும். பழுப்பு டியூப் ஒன்றைப் பிதுக்கி அந்த முகத்தைத் தீட்டிவிட முடியாது.

கேத்தியில் கேரட் மூட்டை தூக்கும் ஒரு பெரியவரை வரைந்திருக்கிறேன். போட்டோவுக்கு உட்காருவதுபோல நெஞ்சை நிமிர்த்தி, இரண்டு கையையும் மடியில் வைத்துத்தான் ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் அந்த விறைப்பு கலைந்தது. வலது தோள் தானாக மேலே ஏறியது, கழுத்து இடப்பக்கம் சாய்ந்தது, மூட்டை இல்லாமலே மூட்டைக்கு இடம் விட்டு உட்கார்ந்தார். முழங்காலில் வைத்த கை தட்டையாக விரியவில்லை, விரல்கள் சாக்கின் முனையைப் பிடித்த வளைவிலேயே நின்றன. முதல் நிமிடத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டு நான் கிளம்பியிருந்தால் அந்த விறைத்த நெஞ்சுதான் மிஞ்சியிருக்கும். புதிதாக வரைகிறவர்கள் போஸ் கலைந்துவிட்டதே என்று பதறி "நிமிர்ந்து உட்காருங்க" என்று அதட்டுவார்கள். அதட்டாதீர்கள். கோட்டை அழித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

கொழுந்து பறிக்கும் அந்த அம்மாவையும் உட்கார வைத்து வரைவதைவிட, அவர் சம்மதித்தால், தோட்டச் சரிவில் நிற்க வைத்து வரையுங்கள். மேட்டுப்பக்கத்துக் கால் மடங்கியிருக்கும், பள்ளத்துப் பக்கத்துக் கால் நீண்டிருக்கும். உடல் பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். ஒரு நூலில் சிறு கல்லைக் கட்டிக் கண்ணுக்கு நேரே பிடித்து, தொண்டைக்குழியிலிருந்து கீழே இறக்கிப் பார்த்தால், பாரம் தாங்கும் பாதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அது தவறினால் படத்தில் அவர் விழப்போகிற மாதிரி இருப்பார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடத்தில் முடிகிற கோட்டுப்படங்கள் நிறையப் போடுங்கள். முகத்தை அப்புறம் வரையலாம். ஆடிச் சாரலில் வாட்டர்கலர் காயவே காயாது, கரியோ பென்சிலோ போதும். வீட்டுக்குள் வரைவதானால் குளிருக்குக் கரிக் கணப்பை வைத்துக் கதவைச் சாத்திவிடாதீர்கள். இந்த மலையில் அந்தப் புகையில் தூக்கத்திலேயே உயிர் போனவர்கள் உண்டு. கம்பளியும் சூடான டீயும் கொடுங்கள், ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

போட்டோவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இடுப்பில் சுற்றிய பிளாஸ்டிக் தாளின் மடிப்பு, பின்னால் இருக்கும் சில்வர் ஓக் மரம், இதற்கெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டு எடுங்கள். கோத்தகிரி ரோட்டில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கொழுந்து பறிப்பவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் படம் பிடித்துப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். ஓவியம் கற்றுக்கொள்கிறவர் அந்த வரிசையில் போய் நிற்க வேண்டாம்.

கூலி எவ்வளவு என்று நான் முடிவு செய்ய முடியாது, அந்த அம்மாதான் சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கிடைப்பதைவிடக் கூடுதலாகவே கொடுங்கள், ஓய்வு நேரத்துக்கும் சேர்த்து. பணத்தை வரையத் தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள், படம் சரியாக வராவிட்டாலும் அவர் தன் வேலையைச் செய்துவிட்டார். வரைந்ததை அவரிடம் காட்டுங்கள், ஒரு நகல் எடுத்துக் கொடுங்கள். தாளின் பின்பக்கம் தேதியோடு அவர் பெயரையும் எழுதி வையுங்கள். அவருக்குச் சம்மதம் என்றால் படத்தை எங்களுக்கு அனுப்புங்கள். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரையும் போட்டு அச்சிடுகிறோம்.