ஸ்கேன் செய்யும் முன் 'பிரிவியூ' எதற்கு, அது ஏன் மங்கலாகத் தெரிகிறது?

பிரிவியூ என்பது கண்ணாடி மேல் வைத்த தாளை ஸ்கேனர் ஒருமுறை அவசரமாகப் பார்த்துவிட்டுத் திரையில் காட்டும் மாதிரிப் படம், அவ்வளவுதான். தாள் கோணலாக இருக்கிறதா, தலைகீழாக வைத்துவிட்டோமா, எந்தப் பகுதி மட்டும் வேண்டும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

சீக்கிரம் காட்ட வேண்டுமே, அதனால் புள்ளிகளைக் குறைத்துக்கொள்ளும். ஏ4 தாளை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் எடுத்தால் மொத்தம் சுமார் 87 லட்சம் புள்ளிகள். அதையே 75 டிபிஐயில் எடுத்தால் பதினாறில் ஒரு பங்குதான். அப்புறம் அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்து கலங்காமல் என்ன செய்யும்?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுத்து டெய்லரிடம் கொடுத்தால், எடுத்த எடுப்பில் கத்தரியை வைப்பாரா? முதலில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்ப்பார். பிரிவியூவில் தெரியும் கட்டமும் அந்தக் கோடு மாதிரிதான். ரேஷன் கார்டு போன்ற சின்னதை வைக்கும்போது கட்டத்தை இழுத்து அதன் அளவுக்குக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் (நானும் இப்படி மாட்டியிருக்கிறேன்) ஒரு பெரிய வெள்ளைப் பக்கத்தின் மூலையில் கார்டு தபால்தலை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும்.

எழுத்து தெளிவாக வந்திருக்கிறதா என்பதைச் சேமித்த கோப்பைத் திறந்து, 100 சதவீத அளவில் வைத்துப் பாருங்கள்.

பிரிவியூ வந்ததுமே ஸ்கேன் முடிந்தது என்று பலர் மென்பொருளை மூடிவிடுகிறார்கள், ஆனால் 'ஸ்கேன்' பொத்தானை அழுத்தும் வரை கணினியில் உங்களுக்கென்று எந்தக் கோப்பும் சேமிக்கப்படாது.