ஒரு இன்ச் வந்த இன்ஜின் அதற்குமேல் வரவில்லையா?

கேள்வி: என்னிடம் இறக்குமதியான பழைய சுபாரு இம்ப்ரெஸா டர்போ இருக்கிறது. ஐந்து கியர், மேனுவல். கிளட்ச் மாற்றுவதற்காக, கியர்பாக்ஸை வண்டியிலேயே விட்டுவிட்டு இன்ஜினை மட்டும் வெளியே எடுக்கிறோம். பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸின் முன்கூடு) போல்ட், கீழே இருக்கும் நட்டு, ஸ்டார்ட்டர் எல்லாம் கழற்றியாயிற்று. இன்ஜின் ஒரு இன்ச் முன்னால் வருகிறது, அதோடு நின்றுவிடுகிறது. விட்டால் தானாகப் பின்னால் போகிறது. கடப்பாரை போட்டு நெம்பினால் வந்துவிடும் என்கிறார் மெக்கானிக். நெம்பலாமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: நெம்ப வேண்டாம். முதலில் அந்தக் கடப்பாரையைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

"விட்டால் தானாகப் பின்னால் போகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அந்த வரியிலேயே இருக்கிறது. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பொருத்தும் முளையான டவல் பின் இறுகியிருந்தால் இன்ஜின் அசையவே அசையாது. ஒரு போல்ட்டை மறந்திருந்தால் அந்த மூலை ஒட்டிக்கொண்டு, எதிர்ப்பக்கம் மட்டும் வாய் திறக்கும். நேராக ஒரு இன்ச் வந்து, ஸ்பிரிங் இழுப்பது போலத் திரும்பிப் போகிறதென்றால், உண்மையிலேயே உள்ளே ஒரு ஸ்பிரிங்தான் இழுக்கிறது. உங்கள் வண்டியில் இருப்பது இழுவை வகை கிளட்ச்.

நம் ஊரில் ஓடும் மாருதி, ஹூண்டாய் கார்களில் பெரும்பாலும் தள்ளுவகைதான். பெடலை மிதித்தால் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் இன்ஜின் பக்கம் போய், தட்டு வடிவ டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் மையத்தை நோக்கி நீளும் விரல்களை அழுத்தும். பேரிங்குக்கும் விரல்களுக்கும் தொடர்பு அவ்வளவுதான், கோத்துக்கொள்வது கிடையாது. அதனால் போல்ட்டைக் கழற்றினால் இன்ஜின் தனியே வந்துவிடும். உங்கள் மெக்கானிக் இத்தனை வருடம் செய்துவந்தது அந்த வேலைதான். அவர் மேல் தவறு இல்லை.

இழுவை வகையில் பேரிங், விரல்களுக்கு நடுவில் உள்ள துளையில் நுழைந்து ஒரு வளையக் கிளிப்பால் பூட்டிக்கொண்டிருக்கும். பெடலை மிதித்தால் ஃபோர்க் என்ற கவை வடிவ நெம்புகோல் அந்த பேரிங்கை கியர்பாக்ஸ் பக்கமாக இழுக்கும். இந்தச் சிரமம் எதற்கு என்று கேட்டால், பாக்குவெட்டியை நினைத்துப் பாருங்கள். கீல் ஒரு நுனியில், பாக்கு அதற்குப் பக்கத்தில், கை மறு நுனியில். இழுவை வகை டயாஃப்ரமும் அப்படித்தான்: வெளிவிளிம்பு கீல், அதையொட்டி உள்ளே, கிளட்ச் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், மையத்தில் இழுக்கும் பேரிங். தள்ளுவகையோ சீசா பலகை மாதிரி, தாங்குபுள்ளி நடுவில் எங்கோ இருக்கும். அதே அளவு கிளட்ச்சில் பாக்குவெட்டி அமைப்புக்கு நெம்புபலம் அதிகம். ஆகவே ஸ்பிரிங்கைப் பலமாக வைத்தும் பெடலை ஓரளவு லேசாக வைத்துக்கொள்ளலாம். டர்போ வண்டிகளுக்கும், மணலியிலும் எண்ணூரிலும் வரிசை கட்டி நிற்கும் கனரக லாரிகள் பலவற்றுக்கும் இந்த வகை பொருந்துவது இதனால்தான்.

ஆக இப்போது உங்கள் இன்ஜினைப் பிடித்திருப்பது ஃபோர்க். பேரிங் இன்ஜினோடு வரப் பார்க்கிறது. ஃபோர்க் கியர்பாக்ஸ் கூட்டுக்குள் ஒரு ஷாஃப்ட்டில் மாட்டியிருக்கிறது. இந்த இரண்டையும் பிரிக்காமல் எவ்வளவு நெம்பினாலும் ஏதாவது ஒன்று உடையும்.

எது உடையும் என்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு பட்டறையில் இருவர் சேர்ந்து கடப்பாரையை அழுத்தினார்கள். சுள்ளி ஒடிந்த மாதிரி ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். பெல் ஹவுசிங்கின் போல்ட் காது ஒன்று கையோடு வந்துவிட்டது. உடைந்த இடத்தில் அலுமினியம் சர்க்கரை போல மினுமினுத்தது. ஃபோர்க்கும் வளைந்திருந்தது. ஆனால் பேரிங் கிளிப் அப்போதும் விடவில்லை. புதுப்பேட்டையில் எல்லா உதிரிபாகமும் கிடைக்கும் என்பார்கள். இந்த வண்டியின் பெல் ஹவுசிங்கை நம்பி அங்கே போக முடியாது.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். பலரும் தவறவிடும் முதல் வேலை: வந்த ஒரு இன்ச்சைத் திருப்பிக் கொடுங்கள். இன்ஜினைப் பின்னால் தள்ளி, இரண்டு முகமும் ஒட்டியபின் எதிரெதிரே இரண்டு போல்ட்டைக் கையால் முடுக்கிவையுங்கள். இடைவெளி இருக்கும்வரை ஸ்பிரிங் ஃபோர்க்கை இழுத்துக்கொண்டே இருக்கும், ஃபோர்க் தன் ஷாஃப்ட்டைக் கவ்விக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் ஷாஃப்ட் வராது. "துருப்பிடித்துவிட்டது" என்று எல்லோரும் சுத்தியலை எடுப்பது இங்கேதான். இன்ஜின் எடை செயின் பிளாக்கில் இருக்கட்டும், கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி இருக்கட்டும். இன்ஜினை, கியர்பாக்ஸிலிருந்து நீளும் இன்புட் ஷாஃப்ட்டில் தொங்க விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். கிளட்ச் டிஸ்க்கின் நடுப்பகுதி வளைந்துவிடும்.

அப்புறம், பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியே வாங்கி ஃபோர்க்கை அசைக்கும் ஸ்லேவ் சிலிண்டர். ஹோஸைக் கழற்ற வேண்டாம், போல்ட்டை மட்டும் எடுத்து ஓரமாகக் கட்டிவையுங்கள். யாரும் பெடலைத் தொடக் கூடாது. மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்து பிரேக் ஆயில் கொட்டும்.

இப்போது ஃபோர்க் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்கு அருகே, பெல் ஹவுசிங்கின் பக்கவாட்டில் தடவிப் பாருங்கள். 10 மி.மீ. ஆலன் கீ போகும் ஒரு பிளக் தட்டுப்படும். எல்லா சுபாருவிலும் இழுவை வகை கிடையாது. இந்த பிளக் இருந்தால் உங்களுடையது இழுவை வகைதான் என்று உறுதி செய்துகொள்ளலாம். அதைக் கழற்றினால் உள்ளே ஃபோர்க் ஷாஃப்ட்டின் முனை தெரியும். முனையில் மரை இருக்கிறது. நீளமான 6 மி.மீ. போல்ட் ஒன்றை அதில் திருகி, பிடித்து நேராக இழுங்கள். இன்ஜினைத் திருப்பித் தள்ளியிருந்தால் வழுக்கிக்கொண்டு வரும். பிறகு ஃபோர்க்கை மேலே தூக்கி, பேரிங்கின் இரண்டு காதுகளிலிருந்து விடுவியுங்கள். கொஞ்சம் ஆட்டி ஆட்டித்தான் எடுக்க வேண்டும். அது விட்டதும் அந்த இரண்டு போல்ட்டையும் எடுத்துவிட்டு இன்ஜினை இழுத்தால், பேரிங்கும் பிரஷர் பிளேட்டோடு சேர்ந்து முன்னால் வந்துவிடும்.

அலுமினியக் கூட்டில் இரும்பு பிளக், நம்முடையது கடற்கரை ஊர். பிளக் இறுகியிருக்க வாய்ப்பு உண்டு. வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் சொல்லவே வேண்டாம். துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஒரு இரவு விடுங்கள். தேய்ந்த ஆலன் கீயைக் கொண்டு முயலாதீர்கள். நல்ல ஆலன் சாக்கெட்டை அடிவரை தட்டி இறக்கிவிட்டுத் திருகுங்கள். அந்தக் குழி ஒருமுறை வழுக்கிவிட்டால் வேலை இரட்டிப்பு.

ஷாஃப்ட் எதற்கும் மசியவில்லை என்றால் கடைசி வழி ஒன்று உண்டு. இன்ஜினை மறுபடி வருமளவு முன்னால் இழுத்து, கிடைக்கும் சந்தில் மெல்லிய ஸ்பேனரை விட்டு பிரஷர் பிளேட் போல்ட்டுகளைக் கழற்றுவது. கிராங்க் புல்லியைத் திருப்பித் திருப்பி ஒவ்வொன்றாக மேலே கொண்டுவர வேண்டும். ஒரே போல்ட்டை முழுதாக எடுக்காமல் எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். அரை நாள் பிடிக்கும், விரல் தோல் உரியும். ஆனால் எதுவும் உடையாது.

மிட்சுபிஷி லான்சர் எவோ வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இழுவை கிளட்ச் உள்ள அந்த வண்டிகளில் முறை வேறு. பேரிங்குக்கும் அது பூட்டியிருக்கும் காலருக்கும் நடுவே தட்டை ஸ்க்ரூ டிரைவரை விட்டு, ஃபோர்க்கைக் கையால் தள்ளிப் பிடித்தபடி 90 டிகிரி திருப்பினால் பூட்டு விடும்.

திரும்பப் பூட்டும்போது வரிசை மாறுகிறது. பேரிங்கை பிரஷர் பிளேட்டில் மாட்டி அனுப்பாதீர்கள். பேரிங், ஃபோர்க், ஷாஃப்ட் மூன்றையும் கியர்பாக்ஸ் பக்கமே பொருத்தி, தொடும் இடங்களில் கிரீஸ் தடவி, பிளக்கையும் மூடிவிட வேண்டும். ஷாஃப்ட்டில் ஒரு வெட்டு இருக்கும். அது உள்ளே உள்ள ஸ்பிரிங் பின்னில் போய் உட்கார வேண்டும். பிரஷர் பிளேட் போல்ட்டுக்கு 16 நியூட்டன் மீட்டர் அளவுதான் டார்க் (முடுக்கும் விசை). அது மிகவும் குறைவு, கை பலத்தைக் காட்டாதீர்கள்.

இன்ஜினைச் சேர்த்து போல்ட் எல்லாம் முடுக்கியபின், ஃபோர்க்கின் வெளிமுனையைப் பிடித்து, பேரிங் இன்ஜின் பக்கம் போகும்படி பலமாகத் தள்ளுங்கள். "டக்" என்று கேட்கும். கையிலும் தெரியும். பிறகு ஃபோர்க்கை எதிர்த்திசையில் இழுத்துப் பாருங்கள்: சற்று நகர்ந்து ஸ்பிரிங்கின் எதிர்ப்பில் நின்றால் பூட்டிவிட்டது. தளதளவென்று முழுதாக ஆடினால் பூட்டவில்லை. அப்படியே விட்டால் பெடலை எவ்வளவு மிதித்தாலும் கியர் விழாது. இந்தச் சோதனையை ஸ்லேவ் சிலிண்டரை மாட்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். உங்கள் வண்டியில், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் அதற்கு நேர் மேலே வந்து உட்காரும்; அதன்பிறகு அங்கே கை நுழையாது.