அது பகலா, இரவா? அக்காவுக்கும் எனக்கும் சண்டை

கேள்வி: சுனாமி வந்தபோது எனக்கு 7 வயது. காசிமேட்டில் இருந்தோம். இருட்டில் யாரோ "சுனாமி வருது" என்று கத்த, ஆயா என் கையைப் பிடித்து டி.எச். ரோடு பக்கம் இழுத்துக்கொண்டு ஓடியதும், ஒரு கால் செருப்பு கழன்று போனதும் இன்னும் கண்ணில் நிற்கிறது. என்னைவிட 6 வயது மூத்த அக்காவோ, "பட்டப்பகல்டி அது, ஆயா நம்ம கூடவே இல்ல, மீன் விக்கப் போயிருந்துச்சு" என்கிறாள். அவள் மகளுக்குப் பள்ளியில் குடும்ப அனுபவம் ஒன்றைக் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். யார் சொல்வதை எழுதுவது?

பதில்: 2004 டிசம்பர் 26-ஐப் பொறுத்தவரை அக்கா பக்கம்தான் சரி. அன்று ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்தபோது நம் நேரம் காலை ஆறரை. அலை சென்னைக் கரைக்கு வந்தது 9 மணியை ஒட்டி. இருட்டுக்கு இடமே இல்லை.

அதற்காக உங்கள் நினைவு பொய் என்று தள்ளிவிட மாட்டேன். கடலோரத்து ஜனங்கள் அந்த ஒரு நாள் மட்டுமா ஓடினார்கள்? நான்கே நாளில், டிசம்பர் 30 அன்று, மத்திய அரசின் எச்சரிக்கையைக் கேட்டு மறுபடி ஓடினார்கள், கடல் வரவில்லை. அப்புறம் 2005 மார்ச் 28. சுமத்ராவை ஒட்டிய நியாஸ் தீவருகே நிலநடுக்கம், நம் நேரப்படி இரவு 9.40 வாக்கில். அன்றும் பலர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இரவோடு இரவாகக் கரையை விட்டு வெளியேறினார்கள். உங்கள் இருட்டும் ஆயாவின் கையும் அந்த மார்ச் இரவைச் சேர்ந்தவை என்பது என் ஊகம்.

இதற்கு நீங்களே ஒரு துப்பு தந்திருக்கிறீர்கள். டிசம்பர் 26 காலையில் நம் கரையில் 'சுனாமி' என்ற சொல்லே புழக்கத்தில் இல்லை. "கடல் பொங்கிடுச்சு", "கடல் உள்ள வந்துடுச்சு" என்றுதான் கத்தினார்கள். அந்தச் சொல் டிவியும் பேப்பரும் வழியாக வீட்டுக்குள் வந்தது அதற்குப் பிறகு. மார்ச்சுக்குள் அது சின்னப் பிள்ளைகளுக்கும் பழகிவிட்டது.

7 வயதுப் பிள்ளைக்குத் தேதி தங்காது, பயம் தங்கும். ஒரே மாதிரி பயந்த மூன்று நாட்களை மனசு ஒரு நாளாகச் சுருட்டி வைத்துக்கொள்ளும். பெரியவர்களும் இதற்கு விலக்கல்ல. 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாளே, செய்தியை எங்கே எப்படிக் கேட்டார்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார் உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர். இரண்டரை வருடம் கழித்துக் கேட்டால் பலர் வேறு கதை சொன்னார்கள், அதுவும் அடித்துச் சொன்னார்கள். தங்கள் கையெழுத்தையே காட்டியும் சிலர் ஏற்கவில்லை. ஆகவே, அக்கா அடித்துச் சொல்கிறார் என்பதற்காக ஆயா விஷயத்திலும் அவரே சரி என்று முடிவு கட்டாதீர்கள்.

நீங்களும் அக்காவும் கூடி உட்கார்ந்து பேசுவது கடைசியில் இருக்கட்டும். கூடிப் பேசினால் ஒருவர் நினைவு இன்னொருவர் மேல் ஏறிவிடும் (குரல் பெரிதாக இருப்பவர்தான் ஜெயிப்பார்). முதலில் அவரவர் தனித்தனியாக எழுதுங்கள். அலையையே மேலிருந்து பார்த்ததுபோல ஒரு காட்சி வந்தால், அது டிவியில் பார்த்ததாக இருக்கலாம், ஓரமாகக் குறித்துவையுங்கள். பேப்பரில் வந்ததைச் சரிபார்க்க எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்களைக் கேளுங்கள்.

பள்ளிக்கு எழுதும்போது "சித்திக்கு நினைவிருப்பது", "அம்மாவுக்கு நினைவிருப்பது" என்று இரண்டு பத்தியாகவே அந்தப் பிள்ளை எழுதட்டும். இரண்டையும் ஒட்டி ஒரு கதை ஆக்க வேண்டாம்.

இதை எழுதப்போய் உங்களுக்குத் தூக்கம் கெட்டால், கடல் சத்தம் கேட்டாலே படபடப்பு வந்தால், எழுதுவதை நிறுத்திவிட்டு ஸ்டான்லி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

ஆயா இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், "அன்னைக்கு என்ன நடந்துச்சு" என்று ஆரம்பிக்காதீர்கள். அன்று யாரை இழந்தார் என்பது உங்களுக்குத் தெரியாமலே இருக்கலாம். அந்த ஒற்றைச் செருப்பைப் பற்றி மட்டும் கேட்டுப் பாருங்கள்.