பாதியில் நிற்கும் தையல்கள் – கடிதம்

அன்புள்ள அக்கா,

பழைய சேலை, வேட்டிகளை அடுக்கித் தைக்கும் வங்காளத்துக் கந்தா விரிப்புகளைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு எழுந்து போய் என் பீரோவைத் திறந்தேன். திறந்திருக்கவே வேண்டாம். எனக்கு வயது ஐம்பத்தாறு. திருப்பூரில் இருக்கிறோம். தையலும் எம்ப்ராய்டரியும் எனக்குப் பொழுதுபோக்கு, பிழைப்பு இல்லை. இப்போது என் பீரோவில் பாதியில் கிடப்பவை இவை:

அம்மாவின் சுங்குடிச் சேலைகளை வெட்டி இணைத்த போர்வையின் மேல்துணி. இணைப்பு முழுக்க முடிந்துவிட்டது, அப்படியே மூன்று வருடமாக மடித்துக் கிடக்கிறது. பேத்தி பிறக்கப் போகிறாள் என்று பனியன் கட்பீஸில் தைத்த சதுரங்கள். ஒன்றோடு ஒன்று அளவு சேரவில்லை, பேத்தி இப்போது இரண்டாம் வகுப்பு. ஆரி வேலைக்கு வரைந்த ஜாக்கெட், ஒரு கை முடிந்திருக்கிறது. ஜோடித் தலையணை உறை, ஒன்று முடிந்தது, இன்னொன்று தொடங்கவே இல்லை. மேட்டித் துணியில் கிராஸ் ஸ்டிச் மயில், கழுத்துவரை.

இத்தனையும் இருக்கும்போது போன வாரம் காகித அறுகோணங்களை வெட்டி, அவற்றின்மேல் துணியை மடித்து ஒன்றோடு ஒன்று இணைக்கிற ஒட்டுவேலை ஒன்றைப் புதிதாகத் தொடங்கிவிட்டேன். “முதலில் எடுத்ததை முடி, அப்புறம் அடுத்தது” என்கிறார் வீட்டுக்காரர். இது என் குணத்தில் இருக்கிற கோளாறா? நீங்கள் நாவல்களை எப்படி முடிக்கிறீர்கள்? அந்த உறுதி எனக்கு எங்கிருந்து வரும்?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கேட்டுக்கொண்டபடி பெயரை எடுத்துவிட்டேன்.

நாவல் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். நாவலுக்குப் பதிப்பாளர் தேதி வைக்கிறார், போன் செய்கிறார், அதனால் முடிகிறது. உறுதி எல்லாம் பெரிய வார்த்தை.

வீட்டுக்காரர் சொல்வது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்து தையலில் ஊறியவர்கள் யாரும் அப்படித் தைப்பதில்லை. கண் நன்றாகத் தெரிகிற காலை வெளிச்சத்துக்கு ஒரு வேலை வேண்டும். டிவி பார்த்துக்கொண்டே கை போகிற போக்கில் செய்ய ஒன்று வேண்டும். பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் மடியில் வைத்துக்கொள்ள ஒன்று. அதனால் அறுகோணத்தைத் தொடங்கியதற்காக நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

உங்கள் பட்டியலில் எனக்கு வேறொன்றுதான் கண்ணில் பட்டது. ஐந்தில் உண்மையாகவே நடுவில் நிற்பது மயில் மட்டும். மற்ற நான்கும் ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டம் தொடங்க வேண்டிய வாசலில் நிற்கின்றன. சோம்பேறி எங்கே வேண்டுமானாலும் நிறுத்துவார். நீங்கள் அப்படி நிறுத்தவில்லை. ஒவ்வொன்றிலும் கைக்குப் பிடித்த வேலை எங்கே தீர்ந்ததோ அங்கே நிறுத்தியிருக்கிறீர்கள். அதனால் குணத்தைத் திட்டுவதில் பலன் இல்லை, அந்தந்த வாசலில் என்ன தடுக்கிறது என்று பார்ப்போம்.

சுங்குடிப் போர்வைக்கு வருவோம். ஒட்டுப்போர்வை என்பது வெளியிலிருந்து பார்க்கத்தான் ஒரே வேலை. துண்டு வெட்டி நிறம் பார்த்து இணைப்பது ஒரு வேலை. அதில் கண்ணுக்கு விருந்து இருக்கிறது, மிஷினில் ஓட்டினால் சீக்கிரமும் நடக்கும். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்றையும் சுருக்கமில்லாமல் விரித்து, நகராமலிருக்கத் தற்காலிகமாக நீளத் தையல் போட்டு இழையோட்டுவது இரண்டாவது. இதற்குப் போர்வையைவிடப் பெரிய வெறுந்தரை வேண்டும், மண்டியிட முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். மூன்றாவது, அதன் குறுக்கும் நெடுக்கும் மாதக்கணக்கில் ஒரே தையலைப் போடுவது. கடைசியில் ஓரம் கட்டுவது. முதல் வேலையை ரசிக்கிற ஒருத்திக்கு இரண்டாவதும் மூன்றாவதும் பிடித்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அமெரிக்காவில் பழம்பொருள் கடைகளில் இணைத்து முடித்து, பஞ்சு வைக்காமலே விடப்பட்ட மேல்துணிகள் நிறைய விற்பனைக்கு வருகின்றன. உங்களைப் போன்றவர்கள் அங்கேயும் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள்.

அங்கே இதற்கு ஒரு வழியும் வைத்திருந்தார்கள். மேல்துணியை அவரவர் வீட்டில் தனியாக இணைப்பார்கள். தைக்கும் நாள் வந்தால் பெரிய மரச்சட்டத்தில் மாட்டி, அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கு பக்கமும் உட்கார்ந்து தைப்பார்கள். அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற ஊரைச் சொல்ல வேண்டும். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், கிழிந்த வேலை உடுப்பிலும் ஜீன்ஸ் துணியிலும் போர்வை தைத்த ஊர் அது. 2002இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் அவற்றைச் சுவரில் மாட்டிக் காட்டியபோது நவீன ஓவியம் போல இருக்கிறது என்று பேசினார்கள். ஓவியத்துக்கு ஒப்பிட்டால்தான் மதிப்பு என்ற அந்தப் பேச்சு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, அது இருக்கட்டும். அந்த ஊரிலும் வழக்கம் இதுதான். எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு என்பதில் யாரும் யாருக்கும் யோசனை சொல்வதில்லை. அது தனி ஆளின் வேலை. தைக்கும்போது மட்டும் கூடுவார்கள். இழுத்தடிக்கிற கட்டத்துக்குத்தான் ஆள் கூட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் தெருவில் ஊசி பிடிக்கத் தெரிந்த மூன்று பேரை ஒரு மதியம் டீக்கும் முறுக்குக்கும் கூப்பிடுங்கள். தரையில் விரிக்க முடியாவிட்டால் சாப்பாட்டு மேசை போதும். நடுப்பகுதியை முதலில் மேசைமேல் நீவி இழையோட்டிவிட்டு, பிறகு துணியை நகர்த்தி நகர்த்தி ஓரம்வரை போகலாம். பஞ்சு அட்டை வாங்காதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு அந்தக் கனம் எதற்கு? துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டி இரண்டை நடுவில் வையுங்கள், கந்தாவின் முறையே அதுதான். இழையோட்டுவதற்கு முன்னால் மேல்துணியை ஜன்னலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். அம்மா அதிகம் உடுத்திய சேலை என்றால் சில துண்டுகள் நைந்திருக்கும். அந்த இடத்தின் அடியில் மெல்லிய மல் துணியை வைத்து ஒரு சுற்றுத் தையல் போட்டுவிடுங்கள். அப்புறம் விரல் அகலத்துக்கு ஒரு வரி என்று ஓட்டுத்தையல். தையல் சற்று வளைந்தால் வளையட்டும்.

இந்த வாசலே இல்லாத போர்வைகளும் உண்டு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள் தைப்பதற்குக் கவந்தி என்று பெயர். பெரும்பாலும் ஒரு சேலைதான் அடித்துணி. அதன் ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தை மடித்து, பழைய துணித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறினாற்போல வைத்து, நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். துண்டை இணைக்கிற தையலும் அடுக்குகளைச் சேர்க்கிற தையலும் ஒரே தையல்தான். ஓரம் கட்டுவது முதல் வேலையாகவே முடிந்துவிடுகிறது. மேல்துணி என்று தனியாக ஒன்று கிடையாது, ஆகவே அதைப் பீரோவில் போடவும் வழி கிடையாது. கடைசியில் நான்கு மூலையிலும் மடித்த முக்கோணங்களை அடுக்கிப் பூ மாதிரி வைப்பார்கள், அது இல்லாத கவந்தி அம்மணமாக இருக்கிறது என்பார்கள். கந்தாவில் எதிர்த்திசை. நடுவில் தாமரை, பிறகு மூலைகளில் மரம், பிறகு இடைவெளியை நிரப்பும் உருவங்கள் என்று வெளியே போவதுதான் பரவலான முறை. தாமரையோடு நின்றுவிட்டாலும் பார்க்க ஏதோ ஒன்று இருக்கும். இணைப்பில் சுகம் காண்கிற உங்கள் கைக்குக் கவந்திதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். அடுத்த போர்வையை அப்படித் தைத்துப் பாருங்கள்.

பனியன் சதுரங்கள் சேராததற்கு உங்கள் அளவு காரணம் இல்லை. பின்னலாடைத் துணி இழுபடும், அதுவும் நீளவாக்கில் குறைவாக, அகலவாக்கில் அதிகமாக. கிலோக் கணக்கில் வாங்கிய கட்பீஸில் எது எந்த வாக்கு என்று பார்க்காமல் வெட்டினால், வெட்டும்போது சதுரமாக இருப்பது தைக்கும்போது நீள்சதுரமாகிவிடும். ஒவ்வொரு சதுரத்தின் பின்னாலும் ஃப்யூசிங் வைத்து அயர்ன் செய்யுங்கள், டெய்லர் காலருக்கு வைப்பாரே அதில் மெல்லிய ரகம். துணி அடங்கிவிடும். பிறகு எல்லாவற்றையும் இருப்பதில் சிறிய சதுரத்தின் அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். ஊசியும் பனியன் துணிக்கான உருண்டை முனை ஊசியாக இருக்கட்டும், சாதா ஊசி இழையை அறுத்து ஓட்டை போடும். பேத்திக்கு இனி இந்த அளவு போதாது. அவளுடைய பொம்மைக்குப் போதும். இரண்டாம் வகுப்பில் பொம்மைக்குப் போர்வை இருப்பது தனக்குப் போர்வை இருப்பதைவிடப் பெரிய விஷயம்.

ஆரி ஜாக்கெட்டில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. ஊசியால் குத்திய டிசைன் பேப்பரில் மண்ணெண்ணெயும் வெள்ளைப் பவுடரும் தேய்த்து எடுத்த கோடு சில மாதத்தில் உதிர்ந்துவிடும். ஒரு கை முடிவதற்குள் மற்றக் கையின் டிசைன் பாதி காணாமல் போயிருக்கும். மறுபடி வரைய வேண்டுமே என்ற அலுப்பில்தான் நின்றிருக்கிறீர்கள். அந்தப் பேப்பர் இருக்கிறதா? மற்றக் கைக்கு அதையே திருப்பிப் போட்டால் கண்ணாடியில் பார்ப்பதுபோல எதிர்ப்புறமாக விழும். இந்த முறை பவுடர் எடுத்த அன்றைக்கே சாதா நூலால் கோட்டின் மேல் நீளநீளமாக ஒரு ஓட்டுத்தையல் போட்டு வையுங்கள். ஆரி போட்டபின் உருவிவிடலாம், நடுவில் எத்தனை மாதம் ஆனாலும் டிசைன் எங்கேயும் போகாது.

தலையணை உறைக்கு நீளமாகப் பதில் இல்லை. காலுறை பின்னுகிறவர்களுக்கும் இரண்டாவதில்தான் இந்தத் தொல்லை. முதல் உறையில் யோசிக்க வேண்டியதையெல்லாம் யோசித்துவிட்டீர்கள், இரண்டாவதில் நகல் எடுப்பதுதான் பாக்கி. நகல் எடுக்காதீர்கள். அதே பூ, வேறு நிறம். ஒரே கட்டிலில் கிடந்தால் அதுவும் ஜோடிதான்.

மயிலை விட்டுவிடுங்கள். துணி, நூல், கட்டம் போட்ட படம் எல்லாம் தயாராக இருந்தும், எந்தத் தடையும் இல்லாமலேயே நடுவில் நின்றிருக்கிறது. அதாவது, உங்களுக்கு அந்த மயிலைப் பிடிக்கவில்லை. இந்த மாதிரிப் படங்களில் தலையும் கழுத்தும்தான் தைக்கச் சுவாரசியம், அதைத் தாண்டினால் ஒரே நீலத்தில் ஆயிரக்கணக்கான பெருக்கல் குறிகள். கழுத்துவரை முடிந்ததை அளவாக வெட்டி, அட்டையில் இழுத்து ஒட்டிச் சட்டம் போட்டுவிடலாம். மீதி மேட்டித் துணியும் நூலும் வேறு வேலைக்கு. முழுசாக இருக்கும் ஒவ்வொரு நூல் சிட்டமும் எட்டு மீட்டர், ஆறு இழை. இரண்டிரண்டு இழையாகப் பிரித்தால் அது இருபத்துநான்கு மீட்டர் நூல்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். வேலை எத்தனை வருடம் வேண்டுமானாலும் நிற்கட்டும், எம்ப்ராய்டரி வளையத்தில் மாட்டியபடி நிற்கக் கூடாது. வளையம் இறுக்கிய இடத்தில் அழுக்கு வட்டம் விழும், பூவின் மேலேயே விழுந்தால் நூல் நசுங்கும். ஊசியைத் துணியில் குத்தி வைக்காதீர்கள், மழைக்காலம் ஒன்று போனால் துருக்கறை நிச்சயம். பாலித்தீன் பை வேண்டாம், பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுருட்டி வையுங்கள். மடித்தால் மடிப்பிலேயே துணி விட்டுப்போகும். கூடவே ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள்: நூல் நம்பர், எத்தனை இழை, எங்கே நிறுத்தினேன், அடுத்து என்ன. இரண்டு இழையா மூன்று இழையா என்பது ஒரு வருடம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. நீல நிற வாட்டர் பேனாவால் வரைந்திருந்தால் குளிர்ந்த நீரில் கோட்டைப் போக்காமல் அயர்ன் பெட்டியைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். சூட்டில் அந்த நீலம் துணியோடு தங்கிவிடும்.

இனி அறுகோணம். பஸ்ஸுக்கு ஏற்ற வேலை அதுதான், தொடருங்கள். ஒரு காகிதத்தை, அதன் ஆறு பக்கமும் அடுத்த துண்டுகளோடு இணைந்தபின்தான் உருவ வேண்டும். முன்னால் எடுத்தால் ஓரம் தொய்ந்துவிடும். இங்கிலாந்தில் பழைய ஒட்டுவேலைகளில் முடிக்காமல் விட்டவற்றின் பின்பக்கத்தில் காகிதங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. கடிதம், கணக்குப் புத்தகம், கடை ரசீது, பிள்ளைகளின் எழுத்துப் பயிற்சி என்று கையில் கிடைத்ததையெல்லாம் வெட்டியிருக்கிறார்கள். ஒரு காகிதத்தில் தேதி இருந்தால் அந்த வேலை அதற்கு முந்தியது இல்லை என்று அருங்காட்சியகக்காரர்களால் சொல்ல முடிகிறது. முடித்தவர்கள் காகிதத்தை உருவிப் போட்டுவிட்டார்கள், தேதியும் அதோடு போயிற்று. நீங்கள் செய்தித்தாளை வெட்ட வேண்டாம், மை வெளிர்நிறத் துணியில் ஒட்டும். பேத்தியின் போன வருட நோட்டு இருந்தால் அதை வெட்டுங்கள், தாள் அளவான கனத்தில் இருக்கும். அவளைக் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.