மினி பிசியில் லினக்ஸ்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

மினி பிசி என்னும் கையகலக் கணினிப் பெட்டிகளில் லினக்ஸ் போட்டுக் கொடுப்பது பொழுதுபோக்காகத் தொடங்கி, இப்போது எனக்குப் பாதி வேலையாகவே ஆகிவிட்டது. பெரிய கணினிக்கும் இதற்கும் நிறுவும் கட்டத்தில் வித்தியாசமே இல்லை. தகராறெல்லாம் அதற்கு முன்னால் பயாஸிலோ (கணினி துவங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்), அதற்குப் பின்னால் வைஃபையிலோதான். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: என்100 செயலி, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ள பெட்டி வாங்கியிருக்கிறேன். உபுண்டு, மின்ட், டெபியன் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைப் போடலாம்?

விண்டோஸ் பழகிய கை என்றால் மின்ட். ஆனால் பெயரைவிட, உள்ளே இருக்கும் கெர்னலின், அதாவது லினக்ஸின் மையப் பகுதியின், வயதைப் பாருங்கள். வன்பொருளை இயக்கும் டிரைவர்கள் லினக்ஸில் பெரும்பாலும் கெர்னலோடுதான் வருகின்றன. உங்கள் பெட்டியின் சிப்புகள் சந்தைக்கு வந்து கொஞ்ச காலம் கழித்து வெளியான கெர்னல் என்றால் பெரும்பாலும் தொல்லை இருக்காது. டெபியன் 12இல் இருப்பது கெர்னல் 6.1. அது 2022 டிசம்பரில் வந்தது. உபுண்டு 24.04, அதன்மேல் கட்டிய மின்ட் 22 இரண்டும் 6.8உடன் வந்தன, அது 2024 மார்ச். டெபியன் 13இல் 6.12, 2024 நவம்பர். என்100 சந்தைக்கு வந்தது 2023இல், ஆகவே மின்ட் 22 தாராளமாகப் போதும். 8 ஜிபியில் மின்டின் சின்னமன் என்னும் திரை இடைமுகம் சுகமாக ஓடும். 4 ஜிபிதான் இருக்கிறது என்பவர்கள் அதைவிட இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

எதை எடுத்தாலும், நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்து லைவாக, அதாவது நிறுவாமலே, ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, ப்ளூடூத் தெரிகிறதா, தூங்கவைத்தால் எழுந்திருக்கிறதா? பத்து நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் நிறுவிவிட்டு வந்தவர்களின் கேள்விகள்தான் கீழே பாதிக்குமேல்.

கேள்வி: அண்ணா, லினக்ஸ் நிறுவியான ஐஎஸ்ஓ கோப்பைப் பென்டிரைவில் காப்பி செய்து போட்டேன். பெட்டி அதைக் கண்டுகொள்ளாமல் நேராக விண்டோசுக்கே போகிறது.

காப்பி செய்தால் போதாது தம்பி. அந்தக் கோப்பைப் பிரித்து, டிரைவே துவங்கும்படி எழுத வேண்டும். ரூஃபஸ் அல்லது எட்சர் மென்பொருள் அதைச் செய்யும். வென்டாய் என்று ஒன்று உண்டு. அதை ஒருமுறை பென்டிரைவில் நிறுவிவிட்டால், பிறகு ஐஎஸ்ஓக்களை நீங்கள் செய்தது மாதிரியே சும்மா காப்பி செய்யலாம். எழுதும் முன், கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ256 எண்ணைச் சரிபார்த்துவிடுங்கள். பாதியில் அறுந்த பதிவிறக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்கப் பெட்டியைத் திட்டியிருக்கிறேன்.

துவக்கப் பட்டியலுக்குப் போகும் விசை பெட்டிக்குப் பெட்டி மாறும். எஃப்7, எஃப்10, எஃப்11, எஃப்12 என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். பயாஸுக்குள் போவது பெரும்பாலும் டெலீட் அல்லது எஃப்2. எதுவும் எடுபடவில்லையா? விண்டோசில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் நீலத் திரையில் வேறு சாதனத்திலிருந்து துவங்கும் வழி இருக்கும்.

இன்னொன்று: ப்ளூடூத் விசைப்பலகையை வைத்துக்கொண்டு எஃப்7ஐத் தட்டாதீர்கள். அந்த நேரத்தில் அது உயிரோடே இருக்காது. கம்பி போட்ட பழைய விசைப்பலகை ஒன்றை எங்கிருந்தாவது தேடி எடுங்கள்.

கேள்வி: செக்யூர் பூட்டை அணைத்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. செக்யூர் பூட் என்பது, நம்பகமான கையொப்பம் உள்ள துவக்கியை மட்டுமே ஓடவிடும் பயாஸ் பாதுகாப்பு. உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன் எல்லாவற்றின் துவக்கியும் கையொப்பமிட்டே வருகிறது. டெபியனில் 10ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2019 முதல். வெளியிலிருந்து டிரைவர் எடுத்து நீங்களே கட்டினால்தான் சிக்கல் வரும். அப்போதும் அணைக்காமலே தீர்க்கலாம். நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த துவக்கத்தில் நீலத் திரை ஒன்று வரும், அங்கே அதைக் கொடுத்து உங்கள் சாவியைப் பதிவு செய்துவிட வேண்டும். பலர் அந்தத் திரையைப் பார்த்துப் பயந்து தாண்டிவிடுகிறார்கள், அப்புறம் டிரைவர் ஏறவில்லை என்கிறார்கள்.

விண்டோசையும் வைத்துக்கொள்ளப் போகிறவர்கள், பயாஸில் கைவைக்கும் முன், டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். நீங்கள் இயக்காவிட்டாலும் அது இயங்கிக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: நிறுவும்போது எஸ்எஸ்டியே காட்டவில்லை. பென்டிரைவ் மட்டும்தான் தெரிகிறது.

பயாஸில் சேமிப்பகம் என்ற பகுதியில் ஆர்எஸ்டி, ரெய்டு, விஎம்டி என்று டிஸ்க்கை நிர்வகிக்கும் முறை ஏதாவது இயங்கிக்கொண்டிருக்கும். அதை ஏஎச்சிஐ என்னும் சாதாரண முறைக்கு மாற்றுங்கள், விஎம்டி என்றால் அணையுங்கள். விண்டோஸ் உள்ளே இருந்தால் இப்படி மாற்றியதும் அது துவங்காமல் முரண்டு பிடிக்கும். முதலில் விண்டோசைச் சேஃப் மோடில் துவங்குமாறு அமைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் ஏற்றி இறக்கினால் சமாதானமாகிவிடும்.

விலை குறைந்த பெட்டிகளில் எஸ்எஸ்டிக்குப் பதில் இஎம்எம்சி என்னும் சேமிப்புச் சிப்பு இருக்கும். அது வேறு பெயரில், எம்எம்சிபிஎல்கே என்று தொடங்கித் தெரியும். கூடவே பூட்0, பூட்1 என்று முடியும் குட்டிக் குட்டிப் பகுதிகளும் தெரியும். அவற்றைத் தொடாதீர்கள்.

தெரியாத டிரைவ் ஒரு பிரச்சினை என்றால், தேவையில்லாமல் தெரியும் டிரைவ் அதைவிடப் பெரிய பிரச்சினை. சேமிப்புப் பிரதிகள் இருந்த வெளி டிஸ்க்கைப் பின்னால் செருகியபடியே விட்டுவிட்டு, அதையே அழித்து நிறுவியவன் நான். இரண்டும் ஒரே அளவு, பெயரை யார் படித்தார்கள்? அன்றிலிருந்து பென்டிரைவ், விசைப்பலகை, மவுஸ், திரை நான்கைத் தவிர எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

கேள்வி: 128 ஜிபி இருக்கிறது. விண்டோசையும் லினக்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் நான் வைக்கமாட்டேன். இரண்டுக்கும் மூச்சு முட்டும். நிறைய மினி பிசிகளில் எஸ்எஸ்டி செருகும் எம்.2 இடம் இரண்டாவதாக ஒன்றோ, 2.5 அங்குல டிஸ்க் வைக்கும் தட்டோ இருக்கிறது. அடிமூடியின் நான்கு திருகைக் கழற்றிப் பாருங்கள். லினக்சுக்குத் தனி டிரைவ் கிடைத்தால், ஒன்று கெட்டாலும் மற்றொன்று தப்பும்.

இல்லை, ஒரே டிரைவில்தான் என்றால், விண்டோசில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது இயங்கும்போது ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக மூடுவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கும். அப்போது லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியில் எழுத முடியாது. கடிகாரமும் மாறி மாறித் தப்பாகக் காட்டும். போர்டில் உள்ள கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் யுடிசி என்னும் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது. இருவரில் ஒருவரை மாற்றினால் போதும், லினக்சை மாற்றுவது ஒரு வரிக் கட்டளை.

கேள்வி: எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வைஃபை மட்டும் இல்லை. இணையம் இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது?

கைப்பேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து, அதன் இணையத்தைப் பகிரும் டெதரிங் வசதியை இயக்குங்கள். பெரும்பாலும் உடனே கம்பி இணைப்பாகத் தெரியும். இணையம் வந்ததும் எல்லாவற்றையும் புதுப்பித்து, ஒருமுறை மறுதுவக்கம் செய்யுங்கள். பாதிப் பேருக்கு அதோடு முடிந்துவிடும்.

முடியாதவர்கள், உள்ளே இருக்கும் சிப்பு எது என்று பாருங்கள். அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம், ஒரே மாடலில் வேறு வேறு வைஃபை அட்டை வைத்து அனுப்புகிறார்கள். உள்ளே உள்ள சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை உண்மையைச் சொல்லும். இன்டெல் என்றால் டிரைவர் ஏற்கெனவே இருக்கும், சிப்புக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் கோப்புதான் விட்டுப்போயிருக்கும். டெபியன் 12க்கு முந்தைய அதிகாரபூர்வ நிறுவியில் அந்தக் கோப்புகளைச் சேர்க்கமாட்டார்கள். 12இலிருந்து கூடவே வருகிறது. மீடியாடெக் எம்டி7921 என்றால் கெர்னல் 5.12இலிருந்துதான் ஆதரவு. ரியல்டெக் என்றால் கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேண்டும். சிலவற்றுக்கு வெளியிலிருந்து டிரைவர் எடுத்துக் கட்ட வேண்டியிருக்கும், ஒவ்வொரு கெர்னல் புதுப்பித்தலுக்கும் அது மறுபடி கட்டப்பட வேண்டும். என்றைக்காவது ஒருநாள் அது கட்டப்படாமல் போகும், அன்றைக்கு வைஃபையும் போகும்.

அந்த வம்பே வேண்டாம் என்றால் அட்டையையே மாற்றிவிடுங்கள். பெரும்பாலான மினி பிசிகளில் அது 22க்கு 30 மில்லிமீட்டர் அளவில், எம்.2 பள்ளத்தில் ஒரே திருகில் உட்கார்ந்திருக்கும். வாங்கும்போது கவனம்: இன்டெல் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 அட்டைகளின் பாதி மூளை இன்டெல் சிப்செட்டுக்குள் இருக்கிறது. ஏஎம்டி பெட்டியில் போட்டால் செத்த அட்டைதான். ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் தனியாக நிற்கக்கூடியவை. ஆன்டெனா கம்பிகளைக் கழற்றும்போது நேராக மேல்நோக்கி எடுங்கள், சாய்த்து இழுத்தால் முனை கையோடு வந்துவிடும்.

கேள்வி: வெளி ஹார்ட்டிஸ்க்கைச் செருகினால் கம்பியில்லா மவுஸ் திக்கித் திக்கி ஓடுகிறது. லினக்ஸில் மவுஸ் டிரைவர் சரியில்லையா?

லினக்ஸ் பாவம், அதை விட்டுவிடுங்கள். யுஎஸ்பி 3.0 இணைப்பு ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் இரைச்சலைக் கக்குகிறது. மவுஸின் ரிசீவரும் அதே வரிசையில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. இன்டெல்லே 2012இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பெரிய கேபினெட்டில் இரண்டும் தள்ளித் தள்ளி இருக்கும், மினி பிசியில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு இருக்கின்றன. ரிசீவரை ஒரு சின்ன நீட்டிப்புக் கம்பியில் போட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள். 2.4இல் இருக்கும் வைஃபைக்கும் இதே பாதிப்பு உண்டு, 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் தப்பலாம்.

கேள்வி: 4கே திரையில் மவுஸ் அம்பு இழுபடுவது மாதிரி இருக்கிறது. அமைப்பில் 30 ஹெர்ட்ஸ் மட்டுமே காட்டுகிறது.

பெட்டியின் எச்டிஎம்ஐ 1.4ஆக இருக்கும். 4கேயில் அதன் எல்லை 30 ஹெர்ட்ஸ். 60 வேண்டுமானால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேண்டும். டிஸ்ப்ளேபோர்ட் துளை இருந்தால் அதில் மாட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால் திரைத் தெளிவை 1440க்கு இறக்குங்கள்.

கேள்வி: ராஸ்பெரி பையில் மின்ட் போடலாமா?

முடியாது. பை ஏஆர்எம் செயலி, மின்டின் ஐஎஸ்ஓ இன்டெல், ஏஎம்டி வகைச் செயலிகளுக்கானது. பைக்கு ராஸ்பெரி பை இமேஜர் மூலம் மெமரி கார்டில் நேரடியாக எழுதிவிடலாம், நிறுவும் சடங்கே கிடையாது.

கேள்வி: தமிழில் தட்டச்சு?

ஐபஸ் என்னும் தட்டச்சு மென்பொருள், அதனோடு தமிழ் விசை அமைப்புகள் கொண்ட எம்17என் தொகுப்பு. இரண்டையும் நிறுவி, வெளியேறி மறுபடி உள்நுழைந்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் பட்டியலில் வரும். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ்.

கேள்வி: பெட்டியைத் திரைக்குப் பின்னால் மாட்டிவிட்டால் இடம் மிச்சம் என்கிறார்கள். மாட்டலாமா?

தாராளமாக. 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் வெசா எனப்படும் மாட்டும் துளைகள் திரையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். காற்றுத் துளைகள் மேலும் கீழும் திறந்திருக்கட்டும். திரையின் முதுகு உலோகம் என்றால் வைஃபை கொஞ்சம் மங்கும்.

ஆனால் மாட்டியபிறகு பவர் பொத்தானுக்குக் கை எட்டாது. திருகை முறுக்கும் முன் பயாஸுக்குள் போய், மின்சாரம் வந்ததும் தானாகத் துவங்கும் வசதி, விசைப்பலகையில் தட்டினால் எழும் வசதி இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதல் பெட்டியை மாட்டிவிட்டு நான் ஒரு மாதம் பென்சிலால் குத்தித்தான் அதை இயக்கிக்கொண்டிருந்தேன்.