பதில்: பங்குக் கோயில் சுவத்துல உப்பு பூக்குது, எந்த பெயிண்ட் அடிக்கலாம்?

பிரதர், பெயிண்ட்ட விடுங்க. நூறு வருஷத்துக்கு மேல பழைய கத்தோலிக்கக் கோயில், சுண்ணாம்புச் சுவர், அது மேல சிமென்ட் பூசின ரெண்டாவது மழைக்கே உப்பு பூத்து உரியுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, பிரச்சனையே அந்த சிமென்ட்தான். சுண்ணாம்பு பூச்சா இருந்தா தரையிலருந்து ஏறுற ஈரம் அது வழியா வெளிய போயிடும், சிமென்ட் அத உள்ளயே அடைச்சிடும், அப்புறம் செங்கலே பொடிஞ்சு கொட்டும். வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சா இன்னும் மோசம்.

முதல்ல கூரைத் தண்ணி சுவரடியில தேங்குதான்னு பாருங்க, கோயிலச் சுத்தி சிமென்ட் தளம் போட்டிருந்தா அதையும். அப்புறம் ஒரு மூலையில மட்டும் சிமென்ட்ட மெதுவா கொத்தி எடுத்துட்டு, ஈரம் காய விட்டு, சுண்ணாம்பு பூசி ஒரு மழைக்காலம் பாருங்க. கடுக்காய், வெல்லம் ஊறவச்ச தண்ணியில சுண்ணாம்பு கலக்கத் தெரிஞ்ச கொத்தனார்ங்க இன்னும் இருக்காங்க, காரைக்குடி பக்கம் விசாரிங்க. நாள் பிடிக்கும், திருவிழாவுக்குள்ள முடிக்கணும்னு பங்குப் பேரவைக் கூட்டத்துல அவசரப்படுத்தினா ஒத்துக்காதீங்க.

பாண்டிச்சேரி கடற்கரை பக்கம் இருக்கிற தூய தேவதூதர்கள் அன்னை கோயில் 1855-ல கட்டினது, அதுவும் சுண்ணாம்புப் பூச்சுதான். உங்க பங்குச் சாமியார ஒரு தடவ கூட்டிட்டுப் போய் காட்டுங்க, நாம பேசுறத விட அது வேலை செய்யும்.

அப்புறம் பீடத்து பழைய சுரூபங்களுக்கும், அதான் சிலைகளுக்கும், சேர்த்து எனாமல் பெயிண்ட் அடிக்கப் போறதா சொன்னீங்களே, அத உடனே நிறுத்துங்க. பழமையான, மதிப்புள்ள சுரூபத்த சரி பண்ண ஆயரோட (பிஷப்போட) எழுத்துமூல அனுமதி வேணும்னு திருச்சபைச் சட்டம் 1189 சொல்லுது, அத சாமியார்கிட்ட காட்டுங்க.