படம் தானாகப் பேசாது

கேள்வி: சேலத்தில் பல வருடம் ஸ்டூடியோ நடத்தினேன். கல்யாண ஆர்டர் இல்லாத நாட்களில் குகை, செவ்வாய்ப்பேட்டை, ஏற்காடு என்று சுற்றி, போஸ் கொடுக்காத ஆட்களைப் படம் எடுப்பேன். அவற்றில் எனக்குப் பிடித்தவற்றைப் புத்தகமாகப் போட ஆசை. ஒவ்வொரு படத்தின் பின்னால் இருக்கும் நினைவையும் எழுதலாமா என்றால், "நல்ல படம் தானே பேசும், எழுதிக் கெடுக்காதே" என்கிறார்கள் நண்பர்கள். மூன்று படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், சேலம்)

பதில்: எழுதுங்கள் ஐயா, கட்டாயம் எழுதுங்கள். நண்பர்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. படத்தைப் பார்க்கிற நாம்தான் பேசுகிறோம், அதுவும் நம் வாய்க்கு வந்ததை.

குகைப் பகுதியின் ஆடித் திருவிழாவில் சாமி வேஷம் கட்டியவர்கள் அலங்கார வண்டிகளில் வருவார்களே, அந்த வண்டி வேடிக்கையில் நீங்கள் எடுத்த படத்தையே பார்ப்போம். சிவன் வேஷம் போட்டவர் ஜடாமுடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து டீ குடிக்கிறார். கழுத்தில் ரப்பர் பாம்பு. உதட்டோரம் மட்டும் நீலச் சாயம் கரைந்திருக்கிறது. பக்கத்தில் நிற்கும் சிறுமிக்கு அந்தப் பாம்பின் மேல்தான் கண். அருமையான படம். திருப்பினால் பின்னால் பென்சிலில் 'குகை, ஆடி', அவ்வளவுதான். எந்த வருஷத்து ஆடி? அவர் தறிக்காரரா, வெள்ளிப் பட்டறையில் வேலை பார்த்தவரா? வேண்டுதலுக்காக வேஷம் கட்டினாரா? சிறுமி அவர் மகளா? குகைக்காரர்களுக்குச் சொல்லாமலே பாதி புரிந்துவிடும். வெளியூர்க்காரருக்கு, இன்னும் முப்பது வருஷம் கழித்துப் பார்க்கிறவருக்கு, 'டீ குடிக்கும் கடவுள்' என்ற தமாஷ் மட்டும்தான் மிஞ்சும். அந்த மனிதர் காணாமல் போய்விடுவார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வண்டி கட்டுகிற பெரியவர்களிடம் படத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். யாராவது ஒருவர் அடையாளம் சொல்லக்கூடும்.

பெயர் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1936-ல் கலிபோர்னியாவில் நிப்போமோ என்ற ஊரில், பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில் டோரதியா லாங் ஒரு தாயைப் படம் எடுத்தார். 1930-களில் அமெரிக்காவைப் பிடித்து ஆட்டிய பொருளாதார வீழ்ச்சியான பெருமந்தத்தின் முகமாகவே அந்தப் படம் ஆகிவிட்டது. ஆனால் லாங் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. வயது 32 என்று மட்டும் தெரிந்துகொண்டார். சாப்பாட்டுக்காகக் கார் டயரை விற்றுவிட்டார்கள் என்று எழுதினார். அந்தத் தாயின் பெயர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று 1978-ல்தான் ஊருக்குத் தெரிந்தது. டயரை நாங்கள் விற்கவே இல்லை என்றது குடும்பம். என்னைப் படம் எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அவரே மனம் நொந்து சொன்னார்.

அதனால் நினைவை மட்டும் நம்பியும் எழுதாதீர்கள். நெகட்டிவ்களை வெளியே எடுங்கள். ஃபிரேம் எண் வரிசையில் முன்னும் பின்னும் என்ன எடுத்தீர்கள் என்று பார்த்தாலே மறந்துபோன பாதி திரும்பி வரும். அடுத்த ஃபிரேமில் அந்த ஆள் உங்களை முறைத்திருந்தால் அதையும் எழுதுங்கள். "அப்படியே இருங்க" என்று நீங்கள் சொல்லி எடுத்த படம் ஏதாவது இருந்தால், அதை மறைக்கவே கூடாது. பாரிஸ் தெருவில் ஒரு ஜோடி முத்தமிடுவதைக் காட்டும், பிரெஞ்சுப் புகைப்படக்காரர் தூவனோவின் 1950-ஆம் ஆண்டுப் படம், போகிற போக்கில் எடுத்தது என்றே ரொம்ப காலம் நம்பப்பட்டது. நடிப்புப் படிக்கும் இருவரைக் கேட்டு நிற்க வைத்து எடுத்தது என்பது 1990-களில் வழக்கு வந்தபோதுதான் வெளிவந்தது.

லென்ஸ், ஷட்டர் வேகமெல்லாம் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி போதும்.

ஏற்காட்டுப் படத்துக்கு வருவோம். சில்வர் ஓக் மரத்தடியில், சாயங்காலம் காப்பிப் பழத்தை எடை போடும் நேரம். இடுப்பில் சாக்கு கட்டிய பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஒரு பாட்டி மட்டும் சிரிக்காமல் தராசையே பார்க்கிறார். கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மேஸ்திரி எடையைக் குறைத்துச் சொன்னார், "அப்ப கல்லைத் தூக்கி என் சாக்குல போடு, சாமி, சரியாப் போயிரும்" என்றார் பாட்டி. அந்த வரி இல்லாவிட்டால் 'மலைப் பெண்களின் கள்ளமில்லாச் சிரிப்பு' என்று யாராவது தலைப்பு வைத்துவிடுவார்கள். கூலிக்கு நியாயம் கேட்ட ஒரு கிழவியின் துணிச்சல் அது! அதை எழுதாமல் விட்டால் அவருக்குச் செய்கிற அநியாயம்.

பழைய பஸ் ஸ்டாண்டில் அழுதுகொண்டிருக்கும் பெண்ணின் படம் மட்டும் வேண்டாம். ஏன் அழுதார் என்று உங்களுக்கே தெரியாது, நீங்கள் எடுத்தது அவருக்கும் தெரியாது. அவரையோ வீட்டாரையோ கண்டுபிடித்துச் சம்மதம் வாங்க முடிந்தால் அப்புறம் யோசிக்கலாம். மற்ற படங்களுக்கு எழுத ஆரம்பித்துவிடுங்கள். முதல் நாலைந்து முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்து எழுதுகிறேன்.